கழுவிவிட்ட தண்ணீர் போன இடம்

விருதுநகர்
தை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பிரீத்திகாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் பெரிதாக ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் மக்கர் செய்கிறது. அங்கே கால்கரிப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாரியம்மனிடம் சொல்லிக்கொண்டுதான் விளக்கேற்றுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில், ஏன் ஒரு மாதிரி பேசுகிறாய், அப்பாவோடு சண்டையா என்று கேட்டாய். சண்டை எல்லாம் இல்லை பாப்பா, இந்த வயதில் சண்டை போட யாருக்குத் தெம்பு இருக்கிறது. போனில் சொல்ல முடியாத விஷயம், அவ்வளவுதான். நீ காரை ஓட்டிக்கொண்டே பேசுகிறாய், பின்னால் பேத்தி அழுகிறாள், நான் பாதி சொல்வதற்குள் சரிம்மா அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். இதைப் பாதியில் விட முடியாது என்பதால்தான் பேனாவை எடுத்தேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று சிரிக்காமல், முழுதும் படித்துவிட்டு அப்புறம் என்னிடம் பேசு.

எம். புதுப்பட்டிப் பக்கம் இருந்த நம் பட்டாசுக் கம்பெனியை அப்பா மூடியபோது, கடைசி வரை கூட நின்ற போர்மேன் சோணைமுத்துவுக்கு, கம்பெனிக்குக் கீழே சரிவின் அடியில் இருக்கும் நிலத்தை எழுதிக் கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். சோணைமுத்து போன ஆடியில் மாரடைப்பில் இறந்துபோனதையும் சொன்னேன், நீகூட அன்றைக்கு அழுதாய், சின்ன வயதில் உனக்கு மத்தாப்புக் கொளுத்திக் காட்டியவர் அல்லவா. இப்போது அவர் மனைவி வேலுத்தாயும் மகள் மாரிசெல்வியும்தான். வேலுத்தாய் வேறொரு கம்பெனிக்குத் திரி வைக்கும் வேலைக்குப் போகிறாள். மாரிசெல்வி காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அவளை மருந்து வாடையே படாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சோணைமுத்துவுக்கும் ஆசை, வேலுத்தாய்க்கு அது ஆசைக்கும் மேலே. அந்த நிலத்தில் ஒரு போர் போட்டு, மல்லி வைத்து, இரண்டு மாடு வாங்கிவிட்டால் தாயும் மகளும் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். தண்ணீர் வரவில்லை என்றால் இந்த சீசனுக்கு மாரிசெல்வியும் காலையில் தெருமுனைக்கு வரும் கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான். வேனில் ஏறிப் பழகிவிட்டால் இறங்குவது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும், ஊரே அப்படித்தான் ஏறியிருக்கிறது.

அதற்காக வேலுத்தாய் மார்கழிக் கடைசியில் வீட்டுக்கு வந்தாள். சூலக்கரை ஆபீசில இருந்தப்ப ஊரு ஊராப் போயி தண்ணி பாத்துச் சொன்னீகளே அம்மா, எனக்கு ஒரே ஒரு எடம் காட்டிவிடுங்க, லாரிக்காரன் எங்கன வேணாலும் ஓட்டை போட்டுட்டுப் போயிருவான், நீங்க சொல்லுற எடத்துலதான் நான் போடுவேன் என்றாள். ரிட்டயர் ஆன பிறகும் என்னை யாரும் சும்மா விடுவதில்லை. காரியாபட்டிப் பக்கம் ஒருவர் போன மாதம் கூப்பிட்டு, நான் காட்டிய இடத்தை விட்டுவிட்டு வாசலுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று வேறு இடத்தில் போட்டு, தண்ணீர் வராமல் கல்தூசிப் புகை மட்டும் வந்தது என்று எனக்கே போன் செய்து கோபித்துக்கொண்டார். அப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் இவள் கேட்டவிதம் மனதைத் தொட்டது. நாம் கொடுத்த நிலம்தானே, ஒரு நாளில் முடித்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

உனக்குத் தெரியும், எனக்கு இந்த வேலையில் அவசரம் பிடிக்காது. மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் முதல் நாளே முளை அடிக்கிறவர்களைக் கண்டால் எரிச்சலாக வரும். முதலில் வெறும் காலோடு போய் நிலத்தைச் சுற்றி நடக்க வேண்டும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது, பாறை எங்கே தலை நீட்டுகிறது, பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மின்கம்பிக்கு அடியிலும் கம்பிவேலிக்குப் பக்கத்திலும் முளைக் கோடு இழுக்கக் கூடாது, மிஷின் பொய் சொல்லும். அண்டை அயலில் இருக்கிறவர்களிடம் முந்தின நாள் மோட்டார் போடாதீர்கள் என்று கெஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் கிணற்றின் மட்டம் தெரியாது. இதையெல்லாம் முடித்துவிட்டு, என்னோடு ஆபீசில் வேலை பார்த்த செழியனையும் இரண்டு ஆட்களையும் அழைத்துக்கொண்டு ஒரு காலையில் போனேன். அப்பாவும் கூட வந்தார். கம்பெனியை மூடிய பிறகு அந்தப் பக்கமே வராதவர், வேலுத்தாய் போர் போடுகிறாள் என்றதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரில் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நடுவில் மிஷினை வைத்து, இரண்டு பக்கமும் ஒரே நேராக இரும்பு முளைகளை அடித்து, மண்ணுக்குள் கரண்டை விட்டு, அது எவ்வளவு தடைபட்டு வருகிறது என்று பார்ப்போம். முளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க ஆழத்தில் இருப்பது தெரியும். காய்ந்த பாறை கரண்டை விடாது, தண்ணீர் இருக்கும் இடம் விட்டுவிடும். ஆட்கள் சம்மட்டியால் முளையை அடித்த ஒவ்வொரு அடிக்கும் அப்பா தோள் குலுங்கத் திடுக்கிட்டார். இரும்பிலே இரும்பு படலாமாலே, பொறி பறந்தா என்னாகும், மரச் சுத்தியலு இல்லையா என்று செழியனிடம் சத்தம் போட்டார். இங்கே மருந்தும் இல்லை கிருந்தும் இல்லை, கம்பெனி மூடியாச்சு என்று நான் சொன்ன பிறகும் மனுஷர் வெயிலில் தள்ளிப் போய்த்தான் நின்றார். நாற்பது வருஷப் பழக்கம் உடம்பை விட்டுப் போகுமா.

மிஷினில் தடையின் ரீடிங் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. செழியன் வாயெல்லாம் பல்லாக, மேடம் இங்க தண்ணி கொட்டுது என்றான். வேலுத்தாய் அதைக் கேட்டுவிட்டாள். கையைக் கும்பிட்டபடி அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள், மாரிசெல்வி ஓடிப் போய் எல்லாருக்கும் சர்பத் வாங்கிக்கொண்டு வந்தாள். அதைக் குடித்தபடி நான் எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கரிசல் மண் எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், ஆனாலும் இவ்வளவு குறைவாக எந்தக் கரிசலிலும் நான் பார்த்ததில்லை. கருவி தப்பாக இருக்கும் என்று முளையைப் பிடுங்கித் திரும்ப அடித்துப் பார்த்தோம், அதே எண். குறுக்கே இன்னொரு கோடு இழுத்தோம், அங்கேயும் அதேதான். மேலேயும் குறைவு, ஆழத்திலும் குறைவு. நல்ல தண்ணீர் அப்படிக் காட்டாது. உப்புத் தண்ணீர்தான் காட்டும்.

கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. இங்கே உப்பு எங்கிருந்து வந்தது? நிலத்தின் ஓரத்தில் பல வருஷமாக யாரும் இறைக்காத ஒரு பழைய கிணறு இருக்கிறது அல்லவா, அதில் தண்ணீர் எடுத்து உப்பு பார்க்கிற மீட்டரை விட்டுப் பார்த்தேன், முள் ஓரத்துக்குப் போய்விட்டது. ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்து அனுப்பினேன். வேலுத்தாயிடம், முடிவு வரட்டும், லாரிக்காரனிடம் தேதி வாங்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்க்க முடியாமல் காரில் ஏறினேன். மறுநாள் நானும் செழியனும் மட்டும் போய்ச் சரிவு முழுவதற்கும் கோடு இழுத்தோம், அடிவாரத்திலிருந்து பழைய கம்பெனி ஷெட்டுகளைத் தாண்டி மேட்டு நிலம் வரைக்கும். ஷெட்டுக்குக் கீழே எல்லா இடத்திலும் அதே எண். ஷெட்டைத் தாண்டி மேலே ஏறியதும் எண் ஒழுங்காகிவிட்டது. கல்லும் மண்ணுமாகச் சிதைந்த பாறை, அதற்குள் சுத்தமான தண்ணீர். எந்த இடத்திலிருந்து கெட்டது என்று நிலமே கையைக் காட்டியது.

நீ குழந்தையாக இருந்தபோது கம்பெனிக்கு வந்தால் அப்பா உன்னை மருந்து கலக்கும் அறைப்பக்கமே விடமாட்டார், ஆனால் சாயங்காலம் அந்த அறைகளைக் கழுவிவிடுவதைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பாய். ஒரு துளி மருந்துகூடத் தரையில் தூசியாக நிற்கக் கூடாது, காலில் மிதிபட்டால் போச்சு என்று தினமும் தொட்டி, தரை, வாசல், நடைபாதை எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்வார். சோணைமுத்து பக்கத்தில் நின்று கழுவ வைப்பார். வேறு கம்பெனிகளில் என்னென்னவோ நடந்தது, நம் கம்பெனியில் ஒரு உயிர் போனதில்லை. உன் அப்பா வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அது ஒன்றைத்தான், அதில் நியாயமும் இருக்கிறது. கழுவிய தண்ணீர் வாய்க்காலில் ஓடிச் சரிவில் இறங்கியது. வெடியுப்பும், பச்சை வெளிச்சத்துக்குப் போடுகிற பச்சை உப்பும் தண்ணீரில் கரையும் சாமான்கள். அது எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை, மேலே சுத்தமாக இருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டோம். அத்தனை வருஷமும் கழுவியது அந்த நிலத்தில் இறங்கியிருக்கிறது. பரிசோதனை முடிவும் அதையேதான் சொன்னது. குடிக்க ஆகாது, மாட்டுக்கு ஆகாது, மல்லிக்கு ஊற்றினால் வேர் கருகிவிடும்.

அப்பாவிடம் இதைச் சொன்ன காலையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் கோபம் வந்தது. உன் மிஷினு பளசு, செழியனுக்கு முளை அடிக்கத் தெரியலை, கரிசலு மண்ணுன்னா அப்படித்தான் என்றார். பரிசோதனைத் தாளைக் கையில் கொடுத்தேன், கண்ணாடியைத் தேடுகிற மாதிரி எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் டிரைவரைக் கூட்டிக்கொண்டு நிலத்துக்கே போயிருக்கிறார். நான் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன். பழைய கிணற்றுக்குப் பக்கத்தில் மண்மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறதை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். துப்புங்க, விஷம் என்று கத்தினேன். துப்பினார். வெடியுப்பு நாக்கில் ஜில்லென்று இருக்கும், அந்தக் காலத்தில் சரக்கு வாங்கும்போது அப்படித்தான் தரம் பார்ப்பார்கள். அவருக்கு அதற்கு மேல் பரிசோதனை தேவைப்படவில்லை. அம்புட்டு சுத்தமா வச்சிருந்தேனே லட்சுமி என்று ஒரு தடவை சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை பாப்பா. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

வேலுத்தாயிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அப்பா, நானே வந்து சொல்கிறேன் என்றார், நான் விடவில்லை, இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அழுதுவிட்டால் காரியம் நடக்காது. சுற்றி வளைக்காமல் சொன்னேன், தண்ணீர் இருக்கிறது, ஆனால் அது உபயோகப்படாது, கெடுத்தது எங்கள் கம்பெனி என்று. அவள் அழுவாள் என்று நினைத்துப் போனேன். அழவில்லை. குடுக்கும்போது நல்ல நெலமுன்னு சொல்லித்தானம்மா குடுத்தீக என்றாள். தெரியாமல் கொடுத்தோம் என்று சொல்லலாம், அதைச் சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது. அப்புறம் அவளே, நெலத்தத் திருப்பி வேணாலும் எடுத்துக்கிடுங்க, ஆனா எங்க வீட்டுக்காரரு களுவிவிட்ட தண்ணியிலதான் நெலம் கெட்டுச்சுன்னு ஊருல ஒரு சொல்லு வரக்கூடாது, அவரு சொன்ன வேலையச் செஞ்சாரு, அந்த வேலைதான் அம்புட்டுப் பேர வீட்டுக்கு உசுரோட அனுப்புச்சு என்றாள். மாரிசெல்வி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டவள், அடுத்த வாரத்திலிருந்து வேனுக்குப் பேர் கொடுத்துவிட்டதாகச் சாதாரணமாகச் சொன்னாள், ஏதோ பஸ் வரும் நேரம் சொல்வதுபோல.

இப்போது உன்னிடம் வருகிறேன். கம்பெனியை மூடியபோது அப்பா மற்றதையெல்லாம் விற்றுவிட்டார். மிச்சம் இருப்பது ஷெட்டுக்கு மேலே உள்ள மேட்டு நிலம் மட்டும், அது உன் கல்யாணத்தின்போது உன் பெயரில் எழுதியது. அங்கே நின்றால் மேற்கு மலை தெரியும் என்பதும், திரும்பி வந்து அங்கேதான் வீடு கட்டுவாய் என்பதும், போன தடவை வந்தபோது எங்கே வாசல், எங்கே அடுப்படி என்று மாப்பிள்ளைக்குக் காட்டி வீடியோ எடுத்ததும் எனக்கு மறக்கவில்லை. உன் ஆசையைத்தான் கேட்கிறேன் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். அந்த நிலத்தை வேலுத்தாய் பெயருக்கு மாற்றிக் கொடு, கீழ் நிலம் நம்மிடம் திரும்பி வரட்டும், அதை என்ன செய்வது, எப்படிச் சரிசெய்வது என்று நானும் அப்பாவும் மிச்சக் காலத்துக்கும் பார்த்துக்கொள்கிறோம். நீ புத்திசாலி, ஒரு போர் மட்டும் என் நிலத்தில் போட்டுக்கொள்ளட்டும், குழாய் வைத்துக் கீழே கொண்டுபோகட்டும் என்று சொல்வாய். நானும் முதலில் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் கீழே மண்ணே கெட்டுக் கிடக்கிறது, நல்ல தண்ணீர் ஊற்றினாலும் அங்கே மல்லி நிற்காது. தவிரவும் இன்னொருத்தர் தயவில் வரும் தண்ணீரை நம்பி ஒரு பெண் எத்தனை காலம் செடி வைப்பாள், நாளைக்கு நீ இடத்தை விற்றால் அவள் யாரிடம் போய் நிற்பாள். மேட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு இறைக்க முடியாது, அதிகமாக இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறி வரும், அளவாக எடுத்தால் அந்த இருவருக்கும் தாராளம். அந்த அளவை நான் வருஷா வருஷம் போய்ப் பார்த்துச் சொல்வேன், என் கால் நடக்கும் வரைக்கும்.

வேலுத்தாயிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உன் பதில் தெரியாமல் ஆசை காட்டினால் அவளுக்கு இரண்டாவது தடவையும் நாமே இல்லை என்று சொன்னதாகிவிடும். அப்பாவும் உன்னிடம் கேட்க மாட்டார், மகளுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற அப்பனா நான் என்று சொல்லிவிட்டு வாசலில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வக்கீலிடம் விசாரித்தேன், அங்கே தூதரகத்தில் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், நீ வர வேண்டிய அவசியம் இல்லை. மாப்பிள்ளையிடமும் பேசு, அவருக்கும் அந்த இடத்தில் ஆசை உண்டு, அவரிடம் மறைத்து எதையும் செய்யாதே. மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, நிலம் உன்னுடையது, அதற்காக உன்மேல் எனக்குள்ள பாசம் ஒரு குன்றிமணி அளவும் குறையாது. ஆனால் ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா சொல்லவில்லையே என்று நீ வருத்தப்படக் கூடாது. அந்த மேட்டில் நீ வீடு கட்டினால் நான் வருவேன், உன் பிள்ளையைத் தூக்குவேன், உன் சமையலைக் குறைசொல்வேன். ஆனால் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க என்னால் முடியாது. மிரட்டுகிறேன் என்று நினைக்காதே தாயி, தொண்டையில் இறங்காது, அவ்வளவுதான்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் நன்றாக இருக்க வேண்டும், பேத்தி நல்ல மனசோடு வளர வேண்டும், எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உங்களுக்கு எப்போதும் உண்டு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், இரும்புச்சத்து மாத்திரையை டாக்டர் சொன்னபடி விடாமல் சாப்பிடு. தபாலில் போட்டால் நாளாகும் என்று இந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன், எதுவாக இருந்தாலும் அடுத்த திங்கட்கிழமைக்கு முன்னால் சொல்லிவிடு, அன்றைக்குத்தான் மாரிசெல்வி முதல் தடவையாக வேனில் ஏறுகிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
லட்சுமிகாந்தம் சீனிவாசகம்